விடைக்காகக் காத்திருப்பவர் யார்? இந்திய இயந்திரப் பொறியியலில் இளநிலை மாணவர் ஆய்வுத்திட்டத்தின் வரலாறு

ஏப்ரல், மே மாதங்களில் இந்தியாவின் எந்தப் பொறியியல் கல்லூரிக்குச் சென்றாலும் ஒரே காட்சிதான். இயந்திரவியல் துறையின் தாழ்வாரத்தில் இறுதியாண்டு மாணவர்கள் கெட்டி அட்டை போட்ட, பொன்னெழுத்து பொறித்த திட்ட அறிக்கைகளோடு நிற்பார்கள். உள்ளே வாய்மொழித் தேர்வு நடக்கும். ஒரு குழுவுக்குக் கால் மணி நேரமோ சற்றுக் கூடுதலோ கிடைக்கும். கையொப்பங்கள் இடப்பட்டபின் ஒரு படி துறை நூலகத்தின் அலமாரிக்குப் போகும். அலமாரி நிறைந்ததும் பழைய படிகள் மூட்டை கட்டப்பட்டு வெளியேறும்.

அந்த அட்டைக்குள் இருப்பது ஆய்வா, சடங்கா என்ற கேள்வி ஆசிரியர் அறைகளில் ஆண்டுதோறும் எழுகிறது. மாணவர்களின் சோம்பல், ஆசிரியர்களின் அக்கறையின்மை, பாடத்திட்டத்தின் பழமை என்று காரணங்கள் அடுக்கப்படுகின்றன. ஆனால் இந்தத் திட்டப்பணி இந்தியாவில் வளர்ந்த விதத்தைப் பின்னோக்கிப் பார்த்தால் வேறொரு காரணம் தெளிவாகிறது. திட்டத்தின் விடைக்காக யாரேனும் காத்திருந்த காலங்களில் அது ஆய்வாக இருந்தது. எவரும் காத்திராத காலங்களில் அது மதிப்பெண்ணாகச் சுருங்கியது.

கேள்வி பிறக்காத காலம்

இந்தியாவின் முதல் பொறியியல் கல்லூரிகள் நீருக்கும் சாலைக்குமாக எழுந்தவை. ரூர்க்கிக் கல்லூரி 1847இல் தொடங்கப்பட்டபோது அதன் அருகிலேயே கங்கைக் கால்வாயின் பணி நடந்துகொண்டிருந்தது. 1854இல் கால்வாய் திறக்கப்பட்டது. அதே ஆண்டில் புனேயிலும், 1856இல் கல்கத்தாவிலும் பொறியியல் கல்வி தொடங்கியது. பொதுப்பணித் துறைக்கு மேற்பார்வையாளர்களையும் உதவிப் பொறியாளர்களையும் தயாரிப்பதே இவற்றின் முதன்மை நோக்கம். அதனால் கட்டுமானப் பொறியியலே கோலோச்சியது.

இயந்திரங்கள் நாட்டில் இல்லாமல் இல்லை. 1853இல் பம்பாய்க்கும் தானேவுக்கும் இடையே பயணிகள் ரயில் ஓடியது. 1862இல் பீகாரின் ஜமால்பூரில் ரயில்வே பட்டறை நிறுவப்பட்டது. ஆனால் இயந்திர அறிவு கல்லூரிக்குள் வரவில்லை. அது பட்டறையில் தொழில் பழகுநர்களுக்குக் கைவழியாகப் புகட்டப்பட்டது. இன்று கிண்டியில் இருக்கும் சென்னைப் பொறியியல் கல்லூரியில் இயந்திரப் பொறியியல் படிப்பு தொடங்கியது 1894இல்தான். ரூர்க்கிக்கும் இதற்கும் இடையே ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழிந்திருந்தது.

இந்தத் தாமதத்தைக் காட்டிலும் முக்கியமானது வடிவமைப்பு எங்கே நடந்தது என்பது. 1895இல் அஜ்மீர் பட்டறையிலும், 1899இல் ஜமால்பூரிலும் ரயில் எஞ்சின்கள் முழுமையாகக் கட்டப்பட்டன. இந்தியத் தொழிலாளியின் கைக்கு அந்தத் திறன் இருந்தது என்பதற்கு இவையே சான்று. ஆயினும் காலனி ஆட்சிக் காலம் முழுவதிலும் இந்தியத் தண்டவாளங்களில் ஓடிய எஞ்சின்களில் பல ஆயிரம் பிரிட்டனிலிருந்து வந்தவை. இங்கே கட்டப்பட்டவை சில நூறு மட்டுமே. எஞ்சின் எப்படி இருக்க வேண்டும் என்ற முடிவும் அங்கேயே எடுக்கப்பட்டது. இங்கே நடந்தது பழுது பார்த்தலும் பராமரிப்பும்.

அன்றைய கல்லூரிப் பணியின் தன்மையை இது தீர்மானித்தது. மாணவர் செய்தவை இரண்டு: வரைபலகையில் இயந்திர வரைபடம், பட்டறையில் ஒரு வேலைத்துண்டு. குறிப்பிட்ட அளவுக்கு இரும்பை அராவுதல், கடைசல் இயந்திரத்தில் படிப்படியாக விட்டம் குறைத்தல், இரு துண்டுகளை ஒளி புகாமல் பொருத்துதல் ஆகியவையே அன்றைய செய்முறை. இவை கைக்கு ஒழுங்கைக் கற்றுத் தந்தன என்பதில் ஐயமில்லை. ஆனால் வேலைத்துண்டின் விடை தொடங்குவதற்கு முன்பே தெரிந்தது. தெரியாத ஒன்றைத் தேடும் பணிக்கு அங்கே இடமில்லை. ஏனெனில் தெரியாதவற்றைத் தீர்மானிக்கும் பொறுப்பு இந்தியக் கல்லூரிகளிடம் ஒப்படைக்கப்பட்டிருக்கவில்லை.

சுதேசியமும் பட்டமும்

இந்த நிலையை மாற்ற முனைந்தவர்கள் முதலில் அரசுக்கு வெளியே இருந்தார்கள். வங்கப் பிரிவினைக்கு எதிரான சுதேசி இயக்கத்தின் விளைவாக 1906இல் கல்கத்தாவில் தேசியக் கல்விக் கழகமும், அதையொட்டி வங்காளத் தொழில்நுட்ப நிலையமும் தோன்றின. பிற்காலத்து ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தின் வேர் இது. 1917இல் விசுவேசுவரய்யாவின் முயற்சியால் பெங்களூரில் பொறியியல் கல்லூரி எழுந்தது. 1919இல் மதன் மோகன் மாளவியாவின் காசி இந்துப் பல்கலைக்கழகத்தில், சார்லஸ் கிங்கை முதல்வராகக் கொண்டு பொறியியல் கல்லூரி தொடங்கியது. இயந்திரவியலும் மின்னியலும் அங்கே பட்டப் படிப்பாகத் தலைநிமிர்ந்தன.

நாடு தனக்குத் தேவையான இயந்திரங்களைத் தானே செய்ய வேண்டும் என்ற எண்ணம் இவற்றின் பின்னால் இருந்தது. ஆயினும் பட்டறைக்கும் வகுப்பறைக்கும் இடையே எது முதன்மை என்ற பூசல் தீரவில்லை. அதன் கூர்மையான வெளிப்பாடு ஒன்றைக் கோயம்புத்தூரில் காணலாம். 1945இல் ஜி. டி. நாயுடுவின் கொடையால் அங்கே தொழில்நுட்பக் கல்லூரி எழுந்தது. இன்றைய அரசினர் தொழில்நுட்பக் கல்லூரி அதுவே. முதல்வராகவும் பொறுப்பேற்ற நாயுடு, நான்கு ஆண்டுப் படிப்பு காலவிரயம் என்றும் அதைக் குறைக்கலாம் என்றும் வாதிட்டார். அரசு ஏற்கவில்லை, அவர் விலகினார். அவர் தரப்பு சரியா என்பது வேறு விவாதம். ஆனால், கல்லூரியில் கழியும் ஆண்டுகளில் மாணவர் எதை உண்டாக்குகிறார் என்ற கேள்வியை அந்தப் பூசல் விட்டுச் சென்றது.

திட்டப்பணியின் வருகை

அக்கேள்விக்குக் கல்விக் கொள்கையின் மொழியில் விடை தந்தது சர்க்கார் குழு. இரண்டாம் உலகப் போரின் முடிவில், நளினி ரஞ்சன் சர்க்காரின் தலைமையில் அமைந்த அக்குழு 1946இல் தன் இடைக்கால அறிக்கையை அளித்தது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிலையத்தை முன்மாதிரியாகக் கொண்டு நாட்டின் நான்கு திசைகளிலும் உயர்தொழில்நுட்ப நிலையங்கள் தேவை என்றது. அவை பட்டதாரிகளோடு ஆய்வாளர்களையும் ஆசிரியர்களையும் உருவாக்க வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. பொறியியல் கல்லூரி என்பது ஆய்வு நடக்கும் இடம் என்ற கருத்து, இந்தியாவில் அரசுக் கொள்கையாக இவ்வாறே உறுதிப்பட்டது.

1951இல் விடுதலைப் போராட்டக் கைதிகளை அடைத்து வைத்திருந்த ஹிஜிலித் தடுப்பு முகாமின் கட்டடத்தில் கரக்பூர் ஐ.ஐ.டி. தொடங்கியது. 1958இல் பம்பாயும், 1959இல் சென்னையும் கான்பூரும், 1961இல் டெல்லியும் தொடர்ந்தன. சோவியத் நாடு, மேற்கு ஜெர்மனி, அமெரிக்கா, பிரிட்டன் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு துணை நாடு. அன்று ஐந்தாண்டுப் படிப்பு. முதல் ஆண்டுகளில் அறிவியலும் பட்டறையும், நடுவில் பொறியியல் பாடங்கள், இறுதியில் ஓர் ஆசிரியரின் வழிகாட்டலில் தனித் திட்டப்பணி என்ற அமைப்பு நிலைபெற்றது. பின்னர் பல்கலைக்கழகங்களின் பி.இ. பாடத்திட்டங்களிலும் இது பரவியது.

ஒரு வேறுபாட்டை இங்கே கவனிக்க வேண்டும். மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிலையத்தில் 1969இல் மார்கரெட் மெக்விகார் தொடங்கிய இளநிலை மாணவர் ஆய்வு வாய்ப்புத் திட்டம் உலகெங்கும் பின்பற்றப்பட்டது. அது விருப்பமுள்ள மாணவரை, நடந்துகொண்டிருக்கும் ஆசிரியர் ஆய்வு ஒன்றுக்குள் அழைத்துச் செல்லும் ஏற்பாடு. இந்தியாவில் திட்டப்பணி ஒவ்வொரு மாணவருக்கும் கட்டாயம். ஆசிரியரிடம் ஆய்வு இருந்தாலும் இல்லாவிட்டாலும் மாணவரிடம் அறிக்கை இருந்தாக வேண்டும். இந்த அமைப்பின் பெருமை அதன் பொதுமை; அதன் பலவீனமும் அதுவே.

இரண்டு சோதனைகள்

1970களில் இந்தப் பலவீனத்தை உணர்ந்து, வெவ்வேறு திசைகளில் இரண்டு முயற்சிகள் நடந்தன.

முதலாவது ராஜஸ்தானின் பிலானியில். பிட்ஸ் நிறுவனத்தின் இயக்குநர் சி. ஆர். மித்ராவின் காலத்தில், 1973இல் செயல்முறைப் பள்ளி என்ற ஏற்பாடு அறிமுகமானது. மாணவர் ஒரு கோடை விடுமுறையையும், பின்னர் ஏறத்தாழ ஐந்தரை மாதங்களையும் தொழிற்சாலையிலேயே கழிப்பார். ஆசிரியரும் உடன் செல்வார். தொழிற்சாலையின் சிக்கலே அவருக்குப் பாடம். ஒரு கொதிகலனின் வெப்ப இழப்பைக் கணக்கிட்டுச் சொன்னால், அதைக் கேட்டுக்கொள்ள ஒரு பொறியாளர் அங்கே இருப்பார். தவறாகச் சொன்னாலும் அவரே முதலில் கண்டுபிடிப்பார்.

இரண்டாவது பெங்களூரில். 1974இல் இந்திய அறிவியல் நிலையத்தில் அமுல்ய ரெட்டியின் முயற்சியால் ஊரகத்துக்கான அறிவியல் தொழில்நுட்பப் பிரிவான ‘அஸ்திரா’ உருவானது. மறு ஆண்டே கர்நாடக மாநில அறிவியல் தொழில்நுட்பக் கழகம் அதே வளாகத்தில் அமைந்தது. அக்கழகம் 1977இல் இறுதியாண்டுப் பொறியியல் மாணவர்களுக்கான திட்டப்பணி உதவியைத் தொடங்கியது. மாணவர்கள் கல்லூரி வழியாகத் திட்டவரைவை அனுப்புவார்கள், வல்லுநர்கள் தேர்ந்தெடுப்பார்கள், தேர்வானவற்றுக்குச் சிறு நிதி கிடைக்கும், இடையில் மதிப்பீடு நடக்கும், இறுதியில் கருத்தரங்கும் கண்காட்சியும் உண்டு. தொகை பெரிதில்லை. ஆனால் ஊர்ப்புறக் கல்லூரி மாணவர் ஒருவரின் பணியை அவருடைய துறைக்கு வெளியிலிருந்து ஒருவர் படித்துக் கேள்வி கேட்பார் என்ற நிலையை அது உண்டாக்கியது.

அத்தகைய கேள்வி ஒரு திட்டத்தை எப்படி மாற்றும் என்பதற்குப் பாக்கு உரிக்கும் கருவி நல்ல எடுத்துக்காட்டு. பாக்கு விளையும் மாவட்டங்களின் கல்லூரிகளில் இது பழகிய தலைப்பு. காகிதத்தில் எளிதாகத் தோன்றும்: ஓர் உருளை, ஒரு கத்தி, ஒரு மோட்டார். ஆனால் ஒரே குலையில் உள்ள காய்கள் ஒரே அளவில் இருப்பதில்லை. பெரிய காய்க்குப் பொருந்தும் இடைவெளியில் சிறிய காய் உரிபடாமல் நழுவும். சிறியதற்குப் பொருந்தும் இடைவெளியில் பெரியதன் கொட்டை வெட்டுப்படும். வெட்டுப்பட்ட கொட்டைக்குச் சந்தையில் விலை குறையும். அரிவாளின் முன் அமர்ந்து உரிக்கும் பெண்ணின் கை இந்த வேறுபாட்டைக் கணந்தோறும் சரிசெய்துகொள்கிறது. அவருடைய வேகத்தையும் அவர் பாழாக்கும் கொட்டைகளின் விகிதத்தையும் முதலில் அளக்காத மாணவர் எதையும் ஆய்ந்தவர் ஆகார். விவசாயி ஒருவர் கண்காட்சியில் வந்து நின்று, எத்தனை கொட்டை உடையும் என்று கேட்டால் அந்த அளவீடு தானாகவே அறிக்கைக்குள் வரும். தேர்வாளர் மட்டுமே கேட்பவர் எனில், மோட்டாரின் திறன் கணக்கோடு அறிக்கை முடிந்துவிடும்.

பெருக்கமும் வெறுமையும்

1980களில் காட்சி மாறியது. ஐ.ஐ.டி.க்களில் ஐந்தாண்டுப் படிப்பு நான்காண்டாகச் சுருங்கியது. கர்நாடகத்திலும் மகாராஷ்டிரத்திலும் தனியார் கல்லூரிகள் பெருகின. தமிழ்நாட்டில் 1984இல் சுயநிதிக் கல்லூரிகளுக்கு வாசல் திறந்தது. பொறியியல் படிப்பு மேல்தட்டிலிருந்து இறங்கிச் சிற்றூர்க் குடும்பங்களை எட்டியது. முதல் தலைமுறைப் பட்டதாரிகள் பல்லாயிரவர் உருவானார்கள். இந்தச் சாதனையைக் குறைத்துப் பேசுவது வரலாற்றுக்கு நேர்மையாகாது.

ஆனால் திட்டப்பணி என்ற அமைப்பு இந்த எண்ணிக்கைக்காக வடிவமைக்கப்பட்டதன்று. வழிகாட்டும் ஆசிரியரே சில ஆண்டுகளுக்கு முன்புதான் பட்டம் பெற்றிருப்பார். தாமே ஆய்வு எதிலும் ஈடுபட்டிராத அவரிடம் நான்கைந்து குழுக்கள் ஒப்படைக்கப்படும். ஆய்வுக்கூடத்தில் பாடத்துக்கான கருவிகள் மட்டுமே இருக்கும். தேவை எழுந்த இடத்தில் சந்தை நுழைந்தது. பெருநகரங்களில் கல்லூரிகளைச் சுற்றி ஆயத்தத் திட்டங்களை விற்கும் கடைகள் முளைத்தன. இயங்கும் மாதிரி, அறிக்கை, வாய்மொழித் தேர்வுக்கான வினாவிடை எல்லாம் ஒரே விலைக்குள் கிடைத்தன. வாங்கியவர் எல்லோரும் நேர்மையற்றவர் அல்லர். விடையை எவரும் பயன்படுத்தப் போவதில்லை என்று தெரிந்த பணியைக் குறைந்த செலவில் முடித்தவர்கள் அவர்களில் பலர்.

கணினியின் வரவும் இரு பக்கம் கூர்மை கொண்டது. கான்பூரில் 1963இல் ஐ.பி.எம். 1620 கணினி வந்தபோது, கையால் தீர்க்க முடியாத சமன்பாடுகளை எண்முறையில் தீர்க்கும் வழி மாணவர்க்குத் திறந்தது. பிற்காலத்தில் முடிவுறு கூறு முறை மென்பொருள்கள் சாதாரணக் கணினியிலேயே ஓடத் தொடங்கியபின், திட்டப்பணி பட்டறையை விட்டுத் திரைக்கு இடம் பெயர்ந்தது. இணைப்புத் தண்டு, பிஸ்டன், வட்டத் தடை, பட்டைச் சுருள்வில் ஆகியவற்றின் தகைவுப் படங்கள் சிவப்பும் நீலமுமாக அறிக்கைகளை நிறைத்தன. பொருளை மாற்றினால் எடை குறைகிறது என்பது வழக்கமான முடிவு. அப்படி ஒரு தண்டைச் செய்து, ஏற்றி, உடைத்துப் பார்க்கும் படிநிலை பெரும்பாலும் விடுபட்டது. எல்லை நிலைகளைத் தவறாகக் கொடுத்தாலும் திரை அழகான படத்தையே தரும். உலோகம் அவ்வளவு பெருந்தன்மை காட்டாது.

ஒரே கேள்வி, பல நூறு அறிக்கைகள்

இக்காலத்தின் மிகத் தெளிவான எடுத்துக்காட்டு உயிரி டீசல். 2003இல் திட்டக் குழுவின் உயிரி எரிபொருள் அறிக்கை வெளிவந்து, காட்டாமணக்கு பற்றிய எதிர்பார்ப்பு நாடெங்கும் எழுந்தது. இயந்திரவியல் துறைகளில் அந்த அலை உடனே அடித்தது. ஏறத்தாழ ஒவ்வொரு கல்லூரியின் ஆய்வுக்கூடத்திலும் ஒற்றை உருளை டீசல் எஞ்சின் ஒன்று இருந்தது. புங்கம், காட்டாமணக்கு, இலுப்பை, வேம்பு என்று எந்த எண்ணெயையும் மெத்தனாலோடும் காரத்தோடும் வினைபுரியச் செய்து, பாகுநிலையைக் குறைத்து, டீசலில் 20 விழுக்காடு கலந்து அந்த எஞ்சினில் ஓட்டலாம்.

முடிவுகள் பெரும்பாலும் ஒரே திசையில் அமைந்தன. வெப்பத் திறன் டீசலுக்கு அருகிலோ சற்றுக் குறைந்தோ இருந்தது. புகையும் கார்பன் மோனாக்சைடும் குறைந்தன. நைட்ரஜன் ஆக்சைடுகள் சற்றுக் கூடின. முதல் சில அறிக்கைகளுக்கு இது செய்தி. நூறாவது அறிக்கைக்கு இது செய்தியன்று.

விடை தெரியாத கேள்விகள் அருகிலேயே இருந்தன. 500 மணி நேரம் ஓடியபின் எரிபொருள் தெளிப்பானின் துளைகளில் என்ன படிகிறது? மசகெண்ணெய் எவ்வளவு நீர்த்துப்போகிறது? ரப்பர் அடைப்பான்கள் எப்போது உப்புகின்றன? மழைக்காலத்தில் பீப்பாயில் வைத்த எண்ணெயின் அமிலத்தன்மை எப்படி ஏறுகிறது? டீசல் பம்பு வைத்திருக்கும் விவசாயி கேட்கக்கூடிய கேள்விகள் இவையே. ஒரு பருவத்துக்குள் எந்தக் குழுவாலும் இவற்றுக்கு விடை காண முடியாது. ஆனால் ஒரே எஞ்சினை ஐந்து ஆண்டு மாணவர்கள் ஒருவர் பின் ஒருவராக, ஒரே பதிவேட்டில் குறித்துக்கொண்டு ஓட்டியிருந்தால் முடிந்திருக்கும். அதற்குத் தேவைப்பட்டது புதிய கருவியன்று. முந்தைய குழு விட்ட இடத்திலிருந்து தொடங்கும் வழக்கம்.

மீண்டும் காத்திருப்பவர்கள்

இதே காலத்தில் பாடத்திட்டத்துக்கு வெளியே ஒரு மாற்றம் நிகழ்ந்தது. 2007இல் மத்தியப் பிரதேசத்தின் பீதம்பூரில் வாகனப் பொறியாளர் கழகத்தின் ‘பாஹா’ போட்டி இந்தியாவுக்கு வந்தது. எல்லாக் குழுக்களுக்கும் ஒரே வகைச் சிறு எஞ்சின். கரடுமுரடான தரையில் ஓடும் ஒற்றை இருக்கை வண்டியை மாணவர்களே வடிவமைத்துக் கட்ட வேண்டும். தடையை அழுத்தினால் நான்கு சக்கரங்களும் பூட்டிக்கொள்ள வேண்டும். இல்லையேல் ஓடுதளத்துக்குள் அனுமதி இல்லை. இறுதியில் நான்கு மணி நேரத் தாங்குதிறன் ஓட்டம். 2008இல் சென்னை ஐ.ஐ.டி.யில் புத்தாக்க மையம் மாணவர்களுக்கெனத் திறக்கப்பட்டது. 2011இல் கான்பூர் மாணவர்கள் உருவாக்கிய ‘ஜுக்னு’ என்ற சிறு செயற்கைக்கோள் விண்ணுக்குச் சென்றது.

இங்கெல்லாம் வகுப்பில் சோர்ந்து கிடந்த அதே மாணவர்கள் இரவு முழுக்கப் பற்றவைப்பு இடத்தில் நின்றார்கள். ஓடுதளத்தின் பள்ளமும், ஏவுகலத்தின் அதிர்வும் அவர்களுடைய விடையைச் சோதித்தன. தொங்கல் அமைப்பின் தண்டு மூன்றாம் மணியில் உடைந்தால், ஏன் உடைந்தது என்ற கேள்வி அடுத்த ஆண்டுக் குழுவின் முதல் கேள்வியாகியது. மூத்தோர் இளையோருக்கு வரைபடங்களையும் தோல்விகளையும் கையளித்தார்கள். பாடத்திட்டத்தின் திட்டப்பணியில் வாய்க்காத தொடர்ச்சி, போட்டி அணிகளில் தானாக உருவானது. அதே சமயம் இவை செலவு மிக்கவை. ஒரு துறையில் சில மாணவர்களுக்கே இடம் தருபவை. எஞ்சியோருக்கு அலமாரி அறிக்கைதான்.

நினைவகம் இல்லாத ஆய்வு

முனைவர் பட்ட ஆய்வேடுகளுக்கு ‘சோத்கங்கா’ என்ற தேசியக் களஞ்சியம் இருக்கிறது. 2009ஆம் ஆண்டின் பல்கலைக்கழக மானியக் குழு விதிகள், ஆய்வேட்டை மின்வடிவில் அளிப்பதைக் கட்டாயமாக்கின. இளநிலைத் திட்டங்களுக்கு அத்தகைய கட்டாயம் இல்லை. அகமதாபாத் பேராசிரியர் அனில் குப்தாவின் ‘சிருஷ்டி’ அமைப்பு, ‘டெக்பீடியா’ என்ற பெயரில் மாணவர் திட்டங்களின் தொகுப்பை உருவாக்க முயன்றது. 2012 முதல் இளம் புத்தாக்கங்களுக்கு விருதும் அளித்தது. செய்ததையே செய்யாமல், விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டும் என்பதே அதன் அடிப்படை எண்ணம். ஆனால் ஒரு தன்னார்வ அமைப்பின் முயற்சி, கல்லூரிகளின் அன்றாட வழக்கத்துக்கு மாற்றாகிவிடாது.

இழப்பின் அளவை ஓர் எளிய கணக்கால் உணரலாம். 60 மாணவர் சேரும் ஒரு துறையில், நால்வர் குழு என்றால் ஆண்டுக்கு 15 திட்டங்கள், பத்தாண்டுகளில் 150. அந்த 150இல் ஒரே ஊர்ச் சிக்கலைத் தொடர்ந்து பின்பற்றியவை பத்து இருந்தாலும், அந்தத் துறை அச்சிக்கலில் நாட்டுக்கே வழிகாட்டக்கூடிய அறிவைச் சேர்த்திருக்கும். 150உம் தனித்தனியாகத் தொடங்கித் தனித்தனியாக முடிந்ததால், 150ஆவது குழு முதல் குழு நின்ற இடத்திலேயே நிற்கிறது. தோற்ற சோதனைகள் அறிக்கையில் இடம்பெறுவதே இல்லை. அதனால் அதே தோல்வியை அடுத்த குழு மீண்டும் விலை கொடுத்து வாங்குகிறது.

2018இல் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் மாதிரிப் பாடத்திட்டம் மொத்த மதிப்பலகுகளை 160ஆகக் குறைத்தது. தொழிற்பயிற்சிக்கும் திட்டப்பணிக்கும் இடம் தந்தது. 2020இன் தேசியக் கல்விக் கொள்கை இளநிலையிலேயே ஆய்வை வலியுறுத்துகிறது. மணி நேரம் கிடைத்துவிட்டது. ஆனால் திட்டப்பணியை உயிர்ப்பித்தது மணி நேரம் அன்று என்பதை இந்த வரலாறு காட்டுகிறது. பிலானியில் தொழிற்சாலைப் பொறியாளர், பெங்களூரில் வெளி வல்லுநர், பீதம்பூரில் ஓடுதளம் என்று விடைக்காக ஒருவரோ ஒன்றோ காத்திருந்தபோதுதான் மாணவர் ஆய்வாளரானார்.

வரும் ஆண்டின் திட்டத் தலைப்புகள் முடிவாகும் கூட்டங்களில், தலைப்பு புதியதா என்று கேட்பது வழக்கம். அதற்கு முன் வேறு இரண்டு கேள்விகளைக் கேட்கலாம். இதன் விடை யாருக்கு வேண்டும்? இதற்கு முந்தைய குழு எங்கே நின்றது? இரண்டுக்கும் பெயர் சொல்லி விடை தர முடிகிற துறையில், பொன்னெழுத்து அட்டை பழைய காகிதக் கடைக்குப் போக வேண்டிய தேவை இராது. அடுத்த ஜூலையில் அதைத் தேடி ஒரு குழு அலமாரிக்கு வரும்.